காலரா கிருமி குடலைத் துளைப்பதில்லை. அப்புறம் ஆள் எப்படிச் சாகிறார்?

நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "காலரா பாக்டீரியா ரத்தத்துக்குள் போவதில்லை, குடல் சுவரைத் துளைப்பதில்லை, செல்களைக் கொல்வதும் இல்லை என்று படித்தேன். அப்படியானால் காலையில் நன்றாக இருந்தவர் ராத்திரிக்குள் இறந்துபோவது எப்படி? அந்த நஞ்சை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மூலக்கூறு அளவில் அது செய்யும் வேலைதான் என்ன?"

மருத்துவமனை ஆய்வகத்தில் பல வருடம் கிருமி வளர்த்துப் பார்த்தவன் நான். காலராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்த வராது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காலராவில் ஆள் சாவது உடம்பில் இருக்கும் தண்ணீர் போய்த்தான். நோய் கடுமையாக இருந்தால் ஒரு பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை பேதியாகும். அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்து, சளித் துணுக்குகள் மிதந்து, லேசான மீன் வாடையோடு இருக்கும். மலம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இருக்காது. அதை எடுத்துச் சோதித்தால் சோடியம் கிட்டத்தட்ட ரத்த நீரில் இருக்கும் அளவுக்கே இருக்கும். பொட்டாசியமும் பைகார்பனேட்டும் அதைவிடக் கூடுதல். 60 கிலோ ஆள் 6 லிட்டர் இழந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கண் குழி விழும். குரல் கம்மிப்போகும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். விரல் நுனிகள், நாள் முழுக்கத் துணி துவைத்தவர் கை போலச் சுருங்கிவிடும். கடைசியில் நாடி கிடைக்காது. இத்தனைக்கும் ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி வராது.

இந்த முரண்தான் முக்கால் நூற்றாண்டு எல்லோரையும் சுற்றலில் விட்டது. ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவுக்கு வந்து, நோயாளிகளின் குடலிலிருந்தும் அங்கிருந்த ஒரு குளத்துத் தண்ணீரிலிருந்தும் கமா வடிவப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதற்கு 30 வருடம் முன்பே இத்தாலியில் பிலிப்போ பாசினி அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியிருந்தார்; யாரும் கண்டுகொள்ளவில்லை. கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அதுதான் நோய்க்குக் காரணம் என்று காக் அப்போதே ஊகித்தார். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. எந்த விலங்குக்குக் கொடுத்தாலும் மனிதனுக்கு வருவது போன்ற பேதி வரவில்லை. 1892இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் கிருமி மட்டும் நோயை உண்டாக்காது என்று காட்டுவதற்காக, வளர்த்த கிருமியைத் தானே குடித்தார். லேசான பேதியோடு தப்பித்தார். அது அவர் அதிர்ஷ்டம்.

அதே காலத்தில் ரிச்சர்ட் பைஃபர் காலரா கிருமியின் உடலிலேயே ஒரு நச்சுப் பொருள் இருப்பதைக் கண்டார். எண்டோடாக்ஸின் என்ற சொல் வந்ததே அங்கிருந்துதான். அது உண்மையான கண்டுபிடிப்பு, ஆனால் காலராவுக்குப் பொருந்தாத கண்டுபிடிப்பு. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கிருமியையோ அதன் சாற்றையோ விலங்கின் ரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். விலங்குகள் செத்தன, பேதி மட்டும் வரவில்லை. குடலில் நடக்கிற நோயைக் குடலுக்கு வெளியே தேடினார்கள்.

இதை நேராக்கியவர் ஷம்பு நாத் டே. மேற்கு வங்கத்தில் ஹூக்ளி மாவட்டத்துக்காரர், 1915இல் பிறந்தவர். லண்டனில் நோயியல் அறிஞர் ராய் கேமரூனிடம் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து 1949இல் கல்கத்தா திரும்பியவர், ஊரிலேயே வருடா வருடம் ஆளைக் கொன்றுகொண்டிருந்த நோயைக் கையில் எடுத்தார். அவர் செய்த சோதனையைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத் தேவைப்பட்டது முயல், கத்தி, நூல், ஊசி அவ்வளவுதான்.

முயலை மயக்கப்படுத்தி வயிற்றைத் திறப்பார்கள். சிறுகுடலில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு துண்டைத் தேர்ந்து, ரத்த ஓட்டம் கெடாமல் இரண்டு முனையையும் நூலால் கட்டுவார்கள். இப்போது அது இரண்டு பக்கமும் வாய் கட்டிய ஒரு சிறு பை. அதற்குள் காலரா கிருமியை ஊசியால் செலுத்தி, குடலை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். மறுநாள் திறந்து பார்த்தால், சும்மா நீர் செலுத்திய துண்டு சப்பையாகக் கிடக்கும். கிருமி செலுத்திய துண்டு நீர் கோத்து விறைப்பாக உப்பியிருக்கும். உள்ளே அதே அரிசி களைந்த தண்ணீர். 1953இல் இதை வெளியிட்டார். காலராவை ஒரு விலங்கின் குடலுக்குள் வைத்துக் கண்ணால் பார்த்து, அளந்து சொல்ல முடிந்தது அப்போதுதான்.

அடுத்த படி 1959. கிருமியைத் திரவத்தில் வளர்த்து, வடிகட்டி, ஒரு பாக்டீரியாகூட இல்லாத தெளிந்த நீரை மட்டும் எடுத்துக் குடல் பைக்குள் செலுத்தினார். பை உப்பியது. அப்படியானால் நோயை உண்டாக்குவது கிருமி வெளியே சுரந்துவிட்ட ஏதோ ஒரு பொருள். 'நேச்சர்' இதழில் 1959 மே மாதம் வந்த கட்டுரை அது, மிகச் சிறியது. அதே வருடம் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே.தத்தாவின் குழுவும் முயல் குட்டிகளை வைத்து அதே திசையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இரண்டும் இந்தியாவில், சாதாரண வசதிகளோடு நடந்தவை. டேவின் குடல் பை சோதனை அதோடு நிற்கவில்லை. பேதி உண்டாக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கும் இப்படி ஒரு நஞ்சு இருக்கிறது என்பதற்கான முதல் அடையாளம் 1956இல் அவர் கையில்தான் கிடைத்தது.

இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமை வரும். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேவின் பெயரை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தார். 1978இல் நோபல் அமைப்பு நடத்திய காலரா கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவர் 1985இல் இறக்கும்வரை அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இல்லையென்றால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூலக்கூறு. 1969இல் ஃபின்கெல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம். ஆறு துண்டுகள் சேர்ந்தது: பி என்று அழைக்கப்படும் ஐந்து ஒரே மாதிரித் துண்டுகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு வளையமாக இருக்கும், அதன் மேல் ஏ என்ற ஒற்றைத் துண்டு, தன் வால் பகுதியை வளையத்தின் நடு ஓட்டைக்குள் செருகிக்கொண்டு நிற்கும். பி வளையத்துக்கு ஒட்டிக்கொள்வது மட்டும்தான் வேலை. நஞ்சு ஏ துண்டில் இருக்கிறது.

குடல் செல்லின் மேற்பரப்பில் ஜிஎம்1 என்றொரு சர்க்கரை கலந்த கொழுப்பு உண்டு. பி வளையம் அதை ஐந்து கையாலும் பிடித்துக்கொள்ளும். செல் இதை வழக்கமான சரக்கு என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் நடப்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. சாதாரணமாக வெளியிலிருந்து வரும் புரதம் செரிமானத்துக்குத்தான் போகும். இந்த நஞ்சோ எதிர்த்திசையில் பயணம் செய்து, செல்லுக்குள் புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கி வழியாக, புரதங்கள் தயாராகும் இடமான எண்டோபிளாச வலைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஏ துண்டின் முக்கியப் பகுதி, ஏ1, கழன்று மடிப்பு அவிழ்கிறது. செல்லிடம் ஒரு பழக்கம் உண்டு: சரியாக மடியாத புரதத்தைப் பார்த்தால் அழிப்பதற்காக வலையிலிருந்து வெளியே தள்ளிவிடும். ஏ1 அந்தக் கழிவு வாசலையே தன் நுழைவாசலாக்கிக்கொள்கிறது. வெளியே தள்ளப்பட்டதும் அழிபடாமல் மறுபடி மடிந்து, செல்லின் நடுவில் வேலைக்கு நிற்கிறது.

வேலை என்ன? செல்லின் உள்பக்கச் சுவரில் ஜி புரதம் என்ற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஜிடிபி என்ற சிறு மூலக்கூறு அதில் ஒட்டினால் ஆன். கொஞ்ச நேரத்தில் ஜி புரதமே அந்த ஜிடிபியை வெட்டிவிட்டு ஆஃப் ஆகிவிடும். தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் ஸ்விட்ச் என்பதுதான் அதன் சிறப்பு. ஏ1, செல்லில் தாராளமாக இருக்கும் என்ஏடி என்ற மூலக்கூறிலிருந்து ஏடிபி-ரைபோஸ் என்ற துண்டைப் பிய்த்து, ஜி புரதத்தின் குறிப்பிட்ட ஒரு ஆர்ஜினின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) மேல் ஒட்டிவிடுகிறது. ஜிடிபியை வெட்டுவதற்கு அந்த ஆர்ஜினின்தான் வேண்டும். ஆன் ஆன ஸ்விட்ச் இறங்காதபடி ஆப்பு செருகியது போல ஆகிவிடுகிறது. ஏ1 ஒரு நொதி என்பதால் ஒரு ஆப்போடு நிற்காது. ஒன்று முடிந்ததும் அடுத்ததுக்குப் போகும்.

ஸ்விட்ச் ஆனில் நின்றால் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி ஓயாமல் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைத் தயாரிக்கும். அது கைனேஸ் என்ற, மற்ற புரதங்களை முடுக்கிவிடும் ஒரு நொதியைக் கிளப்பிவிடும். கைனேஸ் போய் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு மதகைத் திறந்துவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியம் பின்னாலேயே போகும், தண்ணீர் உப்பு போகும் பக்கம் போகும். சோடியமும் குளோரைடும் சேர்ந்து உள்ளே வரும் வழக்கமான வழியும் அடைபடும். மடை திறந்து வாய்க்காலும் அடைத்த மாதிரி. செல் இதில் சாவதில்லை. உயிரோடு, முழு ஆரோக்கியத்தோடு, தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறது. 1960 வாக்கில் பாங்காக் நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது உட்பூச்சு உரியாமல் அப்படியே இருந்ததும் இதனால்தான். அதுவரை குடல் தோல் உரிந்து விழுகிறது என்றுதான் பலரும் நம்பினார்கள்.

எவ்வளவு நஞ்சு போதும்? அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு வயிற்று அமிலத்தைக் குறைத்துவிட்டுத் தூய நஞ்சை மட்டும் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 5 மைக்ரோகிராமுக்கு ஒன்றிலிருந்து ஆறு லிட்டர் வரை பேதி. 25 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டவருக்கு 20 லிட்டருக்கும் மேல். ஒரு கிராம் உப்பை நாற்பதாயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் 25 மைக்ரோகிராம். கிருமி இல்லாமல், வெறும் நஞ்சே முழு நோயையும் தந்துவிடுகிறது.

அந்தச் செல்லை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். குடல் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆப்பு செருகிய செல்லும் சேர்ந்து போய்விடும். அதுவரை போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆள் பிழைத்துவிடுவார். இங்கேதான் அடிப்படை ஆராய்ச்சி உயிரைக் காப்பாற்றுவதை நேராகப் பார்க்கலாம். நஞ்சு ஒரு சோடிய வழியை அடைக்கிறது என்றேன். ஆனால் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே வரும் இன்னொரு கதவு, எஸ்ஜிஎல்டி1, அதற்கு எட்டுவதில்லை. குளுக்கோஸ் இல்லாமல் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பேதிதான் கூடும். சரியான அளவில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கதவு திறந்து தண்ணீரும் உள்ளே வரும். ஓஆர்எஸ் வேலை செய்வது இந்த ஒரே கதவை நம்பித்தான்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது பொங்காவ்ன் முகாமில் காலரா வெடித்தது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கணக்குப் போட்டார். பொடியைக் கல்கத்தாவில் எடை போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே டிரம்மில் கரைத்து வைத்தார்கள். சொந்தக்காரர்களே கிளாஸில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். சலைனை மட்டும் நம்பியிருந்தபோது நூற்றுக்கு 20, 30 பேர் செத்த இடத்தில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. இப்போதைய உலக சுகாதார நிறுவனப் பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். சர்க்கரை அதிகமான பானத்தை ஓஆர்எஸ் என்று நினைத்துக் கொடுத்தால் அந்தச் சர்க்கரையே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுப்பது நம் வீடுகளில் இருக்கும் வழக்கம். அரிசி மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோஸாக உடைந்து அதே கதவைத்தான் திறக்கிறது. அரிசியில் செய்த ஓஆர்எஸ் காலராவில் பேதியின் அளவைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொரு விஷயம் கேள்வியில் இல்லை, ஆனால் விட மனமில்லை. இந்த நஞ்சின் மரபணு காலரா கிருமியின் சொந்தச் சொத்தே கிடையாது. 1996இல் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலானோஸும் அதைச் சுமந்து வருவது ஒரு வைரஸ் என்று காட்டினார்கள்: பாக்டீரியாவைத் தொற்றும், நூல் போன்ற ஒரு ஃபேஜ். அந்த ஃபேஜ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, கிருமி குடலில் ஒன்றோடொன்று திரண்டு நிலைகொள்ளப் பயன்படுத்தும் அதே மெல்லிய இழை. இழையையும் நஞ்சையும் டாக்ஸ்டி என்ற ஒரே கட்டுப்பாட்டுப் புரதம் முடுக்குகிறது. ஆகவே முகத்துவாரத்தில் இறால் வகைச் சிற்றுயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு யாருக்கும் தொல்லையில்லாமல் வாழும் விப்ரியோ (காலரா கிருமியின் பேரினப் பெயர்), ஃபேஜ் தொற்றினால் கொலைகாரக் கிருமியாக மாறலாம். தொண்டை அடைப்பான் நஞ்சும் இப்படி ஃபேஜ் கொண்டுவந்ததுதான்.

இதன் விளைவை 1992 கடைசியில் சென்னையில் பார்த்தார்கள். அறிகுறி எல்லாம் காலரா. காலரா கிருமியை வளர்க்கும் பச்சை நிற டிசிபிஎஸ் தட்டில் காலையில் திறந்தால் மஞ்சள் புள்ளிகளாகக் காலனி. சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எரிநட்சத்திரம் போலப் பாயும் அந்த ஓட்டம். ஒருமுறை பார்த்தவர் மறக்கவே மாட்டார். ஆனால் ஓ1 என்ற வகைக் கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிசீரம் (எதிர்ப்புரதம் உள்ள நீர்) ஒரு சொட்டு விட்டால் திரள வேண்டிய கிருமி திரளாமல் பால் போலவே நின்றது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ1தான் என்பது எல்லோரும் நம்பிய விதி. மதுரையிலும் வேலூரிலும் அதே கிருமி வந்தது. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் வரை போனது. அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள். அப்போது பரவிவந்த ஓ1இன் எல் டோர் வகைக் கிருமி தன் மேல் சர்க்கரை உறையின் மரபணுக்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது. உள்ளே நஞ்சு அதேதான். உறை புதிது என்பதால் பழைய எதிர்ப்பு சக்தி உதவவில்லை. சின்ன வயதிலிருந்து காலராவோடு வாழ்ந்த பெரியவர்களே அதிகம் விழுந்தார்கள். எட்டாவது உலகக் கொள்ளைநோய் இதுதான் என்று பயந்தார்கள். நல்லவேளையாக ஆசியாவைத் தாண்டி நிலைக்கவில்லை.

கிருமிக்கு இந்த நஞ்சால் என்ன லாபம்? வெள்ளமாக வெளியேறி அடுத்த குளத்துக்கும் அடுத்த ஆளுக்கும் போய்ச் சேருவது தெரிந்த லாபம். அதோடு, நஞ்சு வேலை செய்யும் குடலில் கிருமிக்கு இரும்புள்ள ஹீமும் கொழுப்பு அமிலங்களும் நம் செல்லிலிருந்தே கிடைக்கின்றன என்று மெக்கலானோஸின் ஆய்வகம் 2019இல் காட்டியது. நம்மைப் பேதியாக்குவது அதற்குச் சாப்பாடும் கூட.

கடைசியாக உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம். நஞ்சின் மரபணுவை மட்டும் நீக்கிய கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோதும் சிலருக்கு லேசான பேதி வந்தது. கிருமியின் கையில் வேறு சில சின்ன நஞ்சுகளும் இருக்கின்றன. அவை செல்களுக்கு இடையிலான ஒட்டலையும் செல்லின் உள்கட்டமைப்பையும் தொடுபவை. ஆள் கொல்லும் பேதி மட்டும் ஏ துண்டின் வேலை. பி வளையம் தனியாக இருந்தால் தீங்கில்லாதது. நரம்பு ஆராய்ச்சியாளர்கள் எந்த நரம்பு எங்கே போகிறது என்று தடம் பிடிக்க அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். சிவிடி 103-எச்ஜிஆர் என்ற வாய்வழித் தடுப்பு மருந்தும் இதே கணக்குத்தான். உயிருள்ள காலரா கிருமியிலிருந்து ஏ துண்டின் மரபணுவில் 94 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, பி துண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். குடித்தால் உடம்பு பி வளையத்தைப் பார்த்து எதிர்ப்புரதம் தயாரித்துக்கொள்ளும். ஆப்பு செருக உள்ளே ஆள் இருக்காது. 2016இல் அமெரிக்காவில் பயணிகளுக்காக அனுமதி பெற்றது அது.